ஹெலனின் வெள்ளைக் கடற்காகங்கள்

ஹெலனுக்குப் பனி என்றால் ஆகவே ஆகாது. ஊட்டிக்குப் போகலாம் என்று கணவன் விஜய்குமார் ஆசையாகக் கூப்பிட்டால், "காசு குடுத்து நடுங்கணுமா? இங்கயே காய்ச்சல் வந்து படுத்துக்கலாம்" என்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: பூமியின் உச்சந்தலையில், கடலே உறைந்து கிடக்கிற இடத்தில் திரியும் கடற்காகங்களைக் கண்காணிப்பது. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் பஸ் ஏறி, ஹெப்பாள் பக்கம் இறங்கி, ஒரு பறவை ஆராய்ச்சி நிலையத்தின் மாடியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை வடதுருவப் பனியைத் துழாவிக்கொண்டிருப்பாள்.

எட்டுக் கடற்காகங்களின் முதுகில் தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத கருவியைக் கட்டி விட்டிருந்தார்கள். அவை எங்கே இருக்கின்றன என்று செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வந்துகொண்டே இருக்கும். திரையில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. சில சமயம் கருவிக்குப் பைத்தியம் பிடித்து, துருவத்துப் பறவை இங்கே கர்நாடகத்து மாண்டியாவில் கரும்புக்காட்டில் உட்கார்ந்திருப்பதாகக் காட்டும். அந்த மாதிரிப் பொய்ப்புள்ளிகளைத் தேடி அழிப்பதுதான் ஹெலனின் உத்தியோகம். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "பெருக்குற வேலை" என்பாள். கேட்டவர்கள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அந்தப் பறவைகளைப் படத்தில் முதன்முதலில் பார்த்தபோது அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. உடம்பெல்லாம் அப்பழுக்கில்லாத வெள்ளை, கால் மட்டும் கறுப்பு. மாதா கோயிலில் பீடத்துக்கு மேலே சிறகோடு வரைந்திருக்கும் சம்மனசு போல இருக்கிறதே என்று சொன்னாள். பக்கத்தில் நின்றிருந்த விஞ்ஞானி ரகுராம் சிரித்துவிட்டார்.

"சம்மனசா? பிணம் தின்னி ஹெலன் இது. பனிக்கரடி சீல் அடிச்சுத் தின்னுட்டுப் போனா, மிச்சத்தைத் தின்ன இதுங்கதான் வரும். கரடி பின்னாடியே மைல் கணக்கா அலையும்."

அன்றைக்கு அவர் இன்னொன்றும் சொன்னார். அதை ஹெலன் மறக்கவில்லை. மறந்திருந்தால் அவளுக்கு நல்லதாகப் போயிருக்கும். புள்ளிகள் ஒரே இடத்தில் கூடி அங்கேயே இருந்தால், அது கூடாக இருக்கலாம், பனி உடைந்த தண்ணீராக இருக்கலாம், செத்த சீலாக இருக்கலாம். ஆனால் கூடின கூட்டம் மெதுவாக, மனிதன் நடக்கிற வேகத்தில் இடம்பெயர ஆரம்பித்தால் சந்தேகமே வேண்டாம். "கீழே நாலு கால் நடக்குதுன்னு அர்த்தம்" என்றார் ரகுராம்.

இந்த ரகுராமைப் பற்றிச் சொல்ல வேண்டும். மல்லேஸ்வரத்துக்காரர். நாற்பத்தைந்து தாண்டியும் கடற்காகம் என்று யாராவது வாயைத் திறந்தால் பள்ளிக்கூடப் பையன் ஆகிவிடுவார். டீ வேளையில் உட்கார்ந்தால் இருநூறு வருஷத்துக்கு முந்தைய கப்பல்களில்தான் அவர் பேச்சு போய் நிற்கும். வடதுருவத்தில் கடல்வழி தேடிப் போன கப்பல்களில் இயற்கையை ஆராய்கிறவர்களும் போனார்கள். பனி கப்பலைக் கவ்விக்கொண்ட பிறகும் பறவையைப் படம் வரைந்தார்கள், சுட்டார்கள், தோலைப் பக்குவம் செய்து பெட்டியில் வைத்தார்கள், கறியைத் தின்றார்கள். முதலில் சுட்டவர் பெயரே ஒட்டிக்கொண்ட கடற்காகமும் உண்டாம். இதையெல்லாம் சொல்லும்போது ரகுராமின் கண் பளபளக்கும்.

"அதுல எத்தினி பேர் சார் வீட்டுக்குத் திரும்புனாங்க?" என்று ஹெலன் ஒருமுறை கேட்டாள்.

"எல்லாரும் திரும்பலை. பறவைத் தோல் திரும்பிடுச்சு, அருங்காட்சியகத்துல பத்திரமா இருக்கு" என்றார் அவர், அதுவே போதும் என்கிற மாதிரி. ஹெலன் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். இந்த மனிதருக்குப் போனவர்கள்மேல் பொறாமை, திரும்பாதவர்கள்மேல்கூடப் பொறாமை என்று தோன்றியது.

அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். இந்த வெள்ளைக் கடற்காகங்கள் பனிக்கு நடுவே துருத்தி நிற்கும் மொட்டைப் பாறைகளில் கூடு கட்டும். யாரும் இதுவரை பார்க்காத ஒரு கூட்டிடத்தைத் தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக இரண்டு தடவை போய் வெறுங்கையோடு வந்திருந்தார். மூன்றாவது பயணத்துக்குப் பனிவண்டி ஓட்டவும் பழுதுபார்க்கவும் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. யஷ்வந்தபுரத்தில் குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக்காக இருந்த விஜய்குமார் அலுவலக உறைபெட்டியைச் சரிசெய்ய ஒருநாள் வந்தான். ரகுராம் அவனைப் பிடித்துக்கொண்டார். குளிரில் இன்ஜின் எப்படி மக்கர் பண்ணும் என்று அவனுக்குத் தெரியும் அல்லவா? நார்வேக்கும் மேலே ஒரு தீவில் பயிற்சி கொடுத்தார்கள், கரடியை விரட்டும் வெளிச்சத் துப்பாக்கியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக்கொண்டு கிளம்பினான் விஜய்குமார்.

ஹெலன் தடுக்கவில்லை. தடுக்க முடியாது. அதற்குக் காரணம் அவள் பிறந்த ஊர்.

இரண்டு பேருமே கோலார் தங்கவயல்காரர்கள். ஹெலனின் அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஆண்பிள்ளை கீழே ஷிப்டில் இருக்கும்போது வீட்டுப் பெண் ஆபத்தின் பெயரை உச்சரிக்கக் கூடாது. பூமிக்குள் பாறை வெடித்து வீட்டுச் சுவர் அதிர்ந்து, அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அப்போது ஹெலனின் அம்மா அன்னம்மாள், "லாரி போவுது" என்பாள். அந்தச் சந்தில் லாரி நுழையவே முடியாது. எதிர்வீட்டுக்காரியும் "ஆமா, பெரிய லாரி" என்பாள். இருவர் முகத்திலும் ரத்தம் இருக்காது. வாயிலிருந்து வந்த சொல்லைச் சுரங்கக் குழி கேட்டுவிடும் என்று நம்பினார்கள். கீழே இருப்பவனுக்கு ஏதாவது சொல்லியே தீர வேண்டுமென்றால், மனைவி சொல்லக் கூடாது. மூன்றாம் மனிதர் வாயால், விஷயத்தின் பெயரைச் சொல்லாமல், சுற்றிவளைத்துச் சொல்லி அனுப்ப வேண்டும்.

ஹெலன் பட்டப்படிப்பு படித்தவள். சுரங்கம் மூடினபிறகு ரயிலில் தினமும் பெங்களூருக்கு வந்து கம்ப்யூட்டர் கற்றவள். மூடநம்பிக்கை என்று வாய் கிழியப் பேசுவாள். ஆனால் அவள் அப்பா கடைசி ஷிப்ட் வரைக்கும் முழுசாக மேலே வந்தார். பெயரைச் சொல்லிக் கதறிய அடுத்த லைன் பெண்ணின் புருஷன் வரவில்லை. சின்ன வயதில் கண்ணால் பார்த்ததைப் பட்டப்படிப்பு என்ன செய்ய முடியும்?

விஜய்குமார் விமானம் ஏறிய அன்றைக்கு, "பத்திரம்" என்றுகூட அவள் சொல்லவில்லை. "ஸ்வெட்டர் எடுத்துக்கினியா?" என்று மட்டும் கேட்டாள். அவனுக்குப் புரிந்தது. அவனும் லைன் வீட்டுப் பிள்ளைதான்.

மே மாதம். பெங்களூரில் மத்தியானம் வெயில் கொளுத்தி, நாலு மணிக்கு வானம் கறுத்து மழை இறங்கும் பருவம். அங்கே ரகுராமும் விஜய்குமாரும் உறைந்த கடல் ஓரத்தில் ஒரு மரக்குடிசையில் இருந்தார்கள். மற்றவர்கள் வெகுதொலைவில் பெரிய முகாமில். குடிசையில் இன்டர்நெட் கிடையாது. செயற்கைக்கோள் போனில் நாலு வரிச் செய்தி போகும், வரும்; அவசரத்துக்கு மட்டும் கூப்பிட்டுப் பேசலாம். அதைப் பார்த்துக்கொள்ள அலுவலகத்தில் சுஹாஸ் என்ற இளைஞனைப் போட்டிருந்தார்கள். இரண்டு பேர் சட்டையிலும் இருப்பிடம் காட்டும் கருவி இருந்தது. ஹெலனின் திரையில் எட்டு வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே இரண்டு சிவப்புப் புள்ளிகள். ஒன்று அவள் புருஷன்.

அந்த வாரம் வெள்ளைப் புள்ளிகள் கூட ஆரம்பித்தன. முதலில் மூன்று, பிறகு ஐந்து, கடைசியில் எட்டும். குடிசைக்கு மேற்கே, தூரத்தில். தண்ணீர் திறந்திருக்கும் என்று ஹெலன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் காலை வந்து பார்த்தபோது கூட்டம் அதே இடத்தில் இல்லை. கொஞ்சம் கிழக்கே வந்திருந்தது. கருவியின் கோளாறு என்று நினைத்து ஒவ்வொரு புள்ளியாகச் சோதித்தாள். பொய்ப்புள்ளி ஒன்றுகூட இல்லை. அவள் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமான புள்ளிகளைப் பார்த்ததில்லை.

அதற்கு மறுநாள் கூட்டம் இன்னும் கிழக்கே வந்து, ஒரு பெரிய பாறையை ஒட்டி நின்றது. அந்தப் பாறையிலிருந்து குடிசைக்குப் பனிவண்டியில் அரைமணி நேரம்கூட ஆகாது. மூன்று நாள் புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தாள். நடக்கிற வேகம். யாருக்கும் அவசரமில்லாத நடை.

ஹெலன் திரையை விட்டு எழுந்தாள். போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வந்து பார்த்தாலும் புள்ளிகள் அங்கேயேதான் இருந்தன. சொல்ல வேண்டியது ஒரே சொல். அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்து நின்றது. சொன்னால் நடந்துவிடும், சொல்லாவிட்டாலும் நடந்துவிடும் என்று இரண்டு பக்கமும் பயம் நெருக்கியது. கடைசியில் அவள் அம்மா செய்திருக்கக்கூடியதையே செய்தாள்.

"சுஹாஸ், அவங்களுக்கு ஒரு செய்தி அனுப்புப்பா. எட்டுப் பறவையும் மேற்குப் பாறைகிட்ட ஒண்ணாக் கூடியிருக்குன்னு."

"அஷ்டேனா மேடம்? அவ்ளோதானா?" என்று கேட்டான் சுஹாஸ். அவன் வேலைக்கு வந்து மாதம்கூட ஆகவில்லை. கூட்டம் நடந்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"அவ்ளோதான். ரகுராம் சார் புரிஞ்சுப்பாரு."

அவர் புரிந்துகொள்வார் என்று அவள் உண்மையாகவே நம்பினாள். லைன் வீடுகளில் அரைவார்த்தை போதும். "உங்க வீட்டு ஆடு கத்துது" என்று சொல்லி அனுப்பினால்கூட ஆள் விழுந்தடித்து மேலே வந்துவிடுவான். ரகுராம் மல்லேஸ்வரத்துக்காரர் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை. கூட்டம் நடந்து வந்தது என்பதை அவள் சொல்லவில்லை. கூட்டம் பாறைகிட்டே இருக்கிறது என்பதைத்தான் சொன்னாள். கூட்டிடத்துக்காகத் தவம் கிடக்கிற ஒரு மனிதனிடம் போய்.

பதில் உடனே வந்தது. சுஹாஸ் சத்தமாகப் படித்தான்: "கிடைச்சுடுச்சு! பாறையில் கூடு கட்டுதுங்க. இப்பவே கிளம்பறோம். ஹெலனுக்கு என் கணக்குல மைசூர்பாக்கு வாங்கிக் குடு."

ஹெலன் நாற்காலியை விட்டு எழுந்தாள். எழுந்தவள் என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். திரையில் இரண்டு சிவப்புப் புள்ளிகளும் குடிசையை விட்டு மேற்கே நகர்ந்துவிட்டன.

"போன் போடு! போன் போடு சுஹாஸ்!"

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பனிவண்டிச் சத்தத்தில் எவனுக்குக் கேட்கும்? வெளியே இடி இறங்கியது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சுஹாஸ் திரும்பத் திரும்ப அழுத்தினான். ஆளுக்கொரு பனிவண்டி; ரகுராமின் புள்ளி முன்னால் ஓடியது. விஜய்குமாரின் புள்ளி பின்தங்கி, ஓரிடத்தில் நின்றது. நின்றதும் போன் எடுத்தான்.

"இன்னாடி, நீயா?" அவன் குரலில் சிரிப்பு இல்லை. ஷிப்டில் இருப்பவனைப் பெண்டாட்டி கூப்பிடுவது என்றால் என்ன என்று அவனுக்கா தெரியாது? "வண்டி மக்கர் பண்ணுது. சொல்லு, இன்னா ஆச்சு?"

"கரடி" என்றாள் ஹெலன். சொன்ன மாத்திரத்தில் உடம்பெல்லாம் வேர்த்தது. "கரடி இருக்குய்யா அங்க. மூணு நாளா உங்களைப் பாத்து நடந்து வருது. திரும்பிடு."

காற்றின் இரைச்சலுக்கு மேலே அவன் குரல் வந்தது.

"சார் முன்னாடி பூட்டாரு ஹெலன்."

"நீ போவாத. என் மேல ஆணை."

"ஒருத்தனை உள்ள வுட்டுட்டு மேல வர்றதா? உங்கப்பா வந்திருப்பாரா?" என்றான். போன் துண்டித்துப் போயிற்று.

பிறகு பார்க்க மட்டும்தான் முடிந்தது. ரகுராமின் புள்ளி வெள்ளைப் புள்ளிகளோடு கலந்தது. விஜய்குமாரின் புள்ளி கிளம்பி, அதே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு திடீரென்று எட்டு வெள்ளைப் புள்ளிகளும் சிதறின. ஹெலன் ஜெபமாலையைத் தேடிக் கைப்பையைக் கவிழ்த்தாள். அது வீட்டில் இருந்தது. மாதாவே மாதாவே என்று வாய்க்குள் அரற்றினாள். அந்த நேரத்தில் அவள் கேட்டது ஒருத்தன் உயிரைத்தான். ரகுராமை அவள் நினைக்கவே இல்லை, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மழை விடுகிற சமயத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகளும் கிழக்கே நகர்ந்தன. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, குடிசையை நோக்கி.

"மேடம், ரெண்டு பேரும் வாபஸ் வர்றாங்க!" என்று சுஹாஸ் குதித்தான். ஹெலன் மேஜையில் தலையை வைத்து ஓவென்று அழுதாள். மற்ற அறைகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், யாரோ கைதட்டினார்கள். அந்தச் சந்தோஷம் விஜய்குமார் போன் செய்கிற வரைக்கும் இருந்தது. வெளிச்சத் துப்பாக்கியைச் சுட்டுக் கரடியை விரட்டிவிட்டதாகவும், சாரைப் பின்னால் சறுக்குவண்டியில் கட்டி எடுத்துவந்திருப்பதாகவும், போர்வை போர்த்தியிருப்பதாகவும் சொன்னான். பறவைகள் கதவுக்கு வெளியே வந்து உட்கார்ந்திருக்கின்றன, விரட்டினாலும் போகவில்லை என்றான்.

ரகுராமின் உடலைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து, காரியங்களும் முடிந்தன. விஜய்குமார் வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஒருநாள், "மூணு நாளாவே தெரியுமா ஒனக்கு?" என்று கேட்டான். அவள் தலையசைத்தாள். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை; அவன் அம்மாவும் இப்படித்தான் பெயரைச் சொல்லாமல் இருந்திருப்பாள். அவன் கோபப்பட்டிருந்தால் ஹெலனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ரகுராமின் மனைவி மகா ஹெலனைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். போகாமல் இருக்க ஹெலன் எத்தனையோ சாக்கு தேடினாள். ஒரு சனிக்கிழமை மல்லேஸ்வரத்துக்குப் போனாள். கூடத்தில் ரகுராமின் படம், சம்பங்கி மாலை. மகா அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, மறுபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் அழுது ஓய்ந்தவர்களின் தெளிவு இருந்தது.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்னுதான் வரச் சொன்னேன் ஹெலன்" என்றாள். "அவர் அனுப்பின கடைசிச் செய்தியை சுஹாஸ் காமிச்சான். எத்தனை வருஷமாத் தேடினார். கிடைச்சுடுச்சுன்னு நெனச்சு எவ்ளோ சந்தோஷமாப் போயிருக்கார், பாருங்க. அந்தச் சந்தோஷம் நீங்க குடுத்தது. அதை நெனச்சுத்தான் நான் தூங்கறேன்."

ஹெலன் காபியைத் தொடவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். மகாவும் தூங்குவாள். மூன்றாம் மனிதர் யாரும் அந்த அறையில் இல்லை, சுற்றிவளைத்துச் சொல்ல ஒரு வழியும் இல்லை.

"அங்க கூடு இல்ல மேடம்" என்றாள் ஹெலன். "கரடி வருதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். பறவைங்க அது பின்னாடியே வந்துச்சு. சாரே சொல்லிக்குடுத்ததுதான். வாய்ல அந்தப் பேரைச் சொன்னா என் வீட்டுக்காரருக்கு ஆவாதுன்னு பயந்து, பறவை கூடியிருக்குன்னு மட்டும் சொல்லி அனுப்புனேன். கரடின்னு நான் சொல்லவே இல்ல."

மகா, பிடித்திருந்த கையை மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"இப்போ என்கிட்ட சொன்னீங்களே. இதே மாதிரி அவர்கிட்டயும் நேராச் சொல்லியிருக்கலாமே, ஹெலன்?"